சனல் 'வி': வானத்தால் வந்த பாட்டும் அது போன வழியும்

ஒரு நாட்டின் பாட்டை இன்னொரு நாட்டிலிருந்து ஒலிபரப்புவது இலங்கையர்களாகிய எங்களுக்குப் புதிய சங்கதியல்ல. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமற் செய்தார். மக்கள் சும்மா இருப்பார்களா? றேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பற்பசைக் கம்பனியொன்றின் விளம்பரப் பணம், பம்பாயில் அமர்ந்து பேசிய அமீன் சயானி என்ற இளைஞரின் குரல், விமானத்தில் கொழும்புக்கு வந்த ஒலிநாடா, இங்கிருந்து போன சிற்றலை ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒவ்வொரு புதன்கிழமை இரவும் இந்தியாவைக் கட்டிப்போட்டன. 1957இல் 'விவித் பாரதி' என்ற புதிய சேவையைத் தொடங்கித்தான் இந்திய அரசு தன் நேயர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே கதை மறுபடியும் நடந்தது. இம்முறை பாட்டு வந்தது கொழும்பிலிருந்து அல்ல, ஹொங்கொங்கிலிருந்து. அதன் பெயர் சனல் 'வி'. இன்று முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு காலத்தையே ஞாபகப்படுத்தும். அதற்கு இளையவர்களிடம் கேட்டால் "அது என்ன?" என்பார்கள்.

முதலில் அந்தப் பாட்டைச் சுமந்து வந்த செய்மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது ஒரு செக்கண்ட் ஹேண்ட் செய்மதி. 'வெஸ்டார் 6' என்ற பெயரில் ஓர் அமெரிக்கக் கம்பனிக்காகச் செய்யப்பட்டு, 1984 பெப்ரவரியில் 'சலெஞ்சர்' விண்ணோடத்தில் அனுப்பப்பட்டது. மோட்டார் சரியாக இயங்காததால் போகவேண்டிய உயரத்துக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. அதே பயணத்தில் போன இந்தோனேசியாவின் 'பலாப்பா' செய்மதிக்கும் அதே கதிதான். அந்த ஆண்டு நவம்பரில் 'டிஸ்கவரி' விண்ணோடத்தில் போனவர்கள் இரண்டையும் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். விண்வெளியில் 'விற்பனைக்கு' என்ற பலகையைப் பிடித்தபடி அவர்கள் எடுத்த படம் மிகவும் பிரபலம். பகிடிக்குப் பிடித்த பலகை உண்மையாகவே பலித்தது. பழுது பார்க்கப்பட்ட வெஸ்டாரை ஹொங்கொங்கின் ஏசியாசற் நிறுவனம் வாங்கி, 1990 ஏப்ரல் 7ஆம் திகதி சீனாவின் ரொக்கெட்டில் மீண்டும் ஏற்றியது. அதுதான் 'ஏசியாசற் 1'.

இந்தச் செய்மதிக்கு இரண்டு கதிர்கள். வடக்குக் கதிர் சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் விழுந்தது. தெற்குக் கதிர் தென்னாசியாவையும் தென்கிழக்காசியாவையும் மத்திய கிழக்கின் சில பகுதிகளையும் மூடியது. எங்கட தீவு தெற்குக் கதிரின் கீழே இருந்தது. யாரும் எங்களுக்கென்று அனுப்பவில்லை, மழை பெய்கிற இடத்தில் நாங்களும் நின்றோம், அவ்வளவுதான். அந்த நாட்களில் வசதியுள்ள ஒரு சில வீட்டுக் கூரைகளிலே பெரிய வலைத்தட்டுகள் கிழக்கு வானத்தைப் பார்த்தபடி முளைத்தன. ஒலிபரப்புக்குப் பூட்டு இல்லை. தட்டு வைத்திருப்பவன் எல்லாம் பார்க்கலாம்.

ஹொங்கொங்கின் பெரும் வர்த்தகர் லீ கா ஷிங்கின் குடும்பம் 1991இல் 'ஸ்டார் டீ.வி.' என்ற பெயரில் ஐந்து அலைவரிசைகளைத் தொடங்கியது. விளையாட்டு, பீ.பீ.சீ. செய்தி, ஆங்கிலப் பொழுதுபோக்கு, சீன மொழி, பாட்டு. பாட்டுக்கான அலைவரிசையை அமெரிக்காவின் எம்.டீ.வி.யோடு கூட்டுச் சேர்ந்து 'எம்.டீ.வி. ஏசியா' என்று 1991 செப்டம்பரில் ஆரம்பித்தார்கள். (இலங்கையில் எம்.டீ.வி. என்றால் அது மகாராஜா தொலைக்காட்சி. இந்தப் பெயர்க் குழப்பம் எங்கட நாட்டுக்கே உரியது.) ஆசியாவின் ஆங்கிலம் தெரிந்த மேல்தட்டினர் பார்த்தால் போதும், விளம்பரதாரர்களுக்கு வேண்டியது அவர்கள்தான் என்பது ஸ்டாரின் தொடக்ககாலக் கணக்கு. கணக்கு பிழைத்தது. இந்தியாவில் தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் ஒரு தட்டை வைத்து நூறு வீட்டுக்குக் கம்பி இழுத்தார்கள். ஆங்கிலம் தெரியாத வீடுகளுக்குள்ளும் பாட்டு போனது. ஆனால் அந்த வீடுகளுக்கு அமெரிக்கப் பாட்டு எவ்வளவு நேரம் தாங்கும்?

1993 ஜூலையில் ரூபர்ட் மேர்டொக் சுமார் 525 மில்லியன் டொலருக்கு ஸ்டாரின் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார். செப்டம்பரில் லண்டனில் பேசும்போது, புதிய தொலைத்தொடர்பு வசதிகள் எங்குமுள்ள சர்வாதிகார ஆட்சிகளுக்கு ஆபத்தானவை என்ற பொருள்படச் சொல்லிவிட்டார். சீனா அடுத்த மாதமே தனியார் டிஷ் தட்டுகளைத் தடை செய்தது. 1994இல் மேர்டொக் வடக்குக் கதிரிலிருந்து பீ.பீ.சீ.யை எடுத்துவிட்டார். தெற்கில் அது தொடர்ந்தது. வானத்துக்கு வேலி இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே வேலி போடுகிற பேச்சும் நடந்துகொண்டுதான் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புதிய முதலாளிக்கும் எம்.டீ.வி.க்கும் ஒத்துவரவில்லை. 1994இல் எம்.டீ.வி. வெளியேறியது. காலியான இடத்தை நிரப்ப ஸ்டார் தானே ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. அதுவே சனல் 'வி'. ஆட்களில் பலர் பழைய ஆட்கள்தான். சோஃபியா ஹக் அவர்களில் ஒருவர். பங்களாதேஷ் தந்தைக்கும் பிரித்தானிய யூதத் தாய்க்கும் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, ஹொங்கொங்கிலிருந்து ஆசியாவுக்கே பாட்டு அறிமுகப்படுத்தியவர். பின்னர் லண்டன் மேடை நாடகங்களில் பெயரெடுத்து, 2013இல் 41 வயதில் புற்றுநோயால் காலமானார். ஒருவகையில் அந்த அலைவரிசையின் முகமே அதுதான், எந்த ஒரு நாட்டுக்கும் முழுசாகச் சொந்தமில்லாத முகம்.

ஆனால் பெயரெடுத்தது அந்த முகத்தால் அல்ல, உள்ளூர் நக்கலால். அமெரிக்கப் பாட்டை அப்படியே கொட்டினால் எடுபடாது என்பதை எம்.டீ.வி.க்கு முந்தியே 'வி'யின் இந்தியப் பிரிவு புரிந்துகொண்டது. அதன் முதல் வெற்றி, நம்பினால் நம்புங்கள், ஒரு தமிழ்க் கௌபோய். ஜெய்சங்கர் 'கங்கா' (1972) போன்ற படங்களில் குதிரையும் துப்பாக்கியுமாக வந்தாரல்லவா, அந்தத் தமிழ்க் கௌபோய் படங்களைக் கேலி செய்து ராஜேஷ் தேவ்ராஜும் சஷாங்க கோஷும் உருவாக்கிய பாத்திரம் 'குயிக் கன் முருகன்'. பாட்டுகளுக்கு இடையே வந்த சிறு துண்டு விளம்பரம்தான். 2009இல் அது முழுநீளப் படமாகவும் வந்தது. வடக்கத்தியார் தெற்கைப் பார்த்துச் சிரிக்கிற பழைய சிரிப்பு அதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் மலையாளப் பெண்ணாக வந்த 'லோலா குட்டி'க்கும் அது பொருந்தும். ஆனால் ஜெய்சங்கர் படத்தை ரசித்தவர்களால்தான் அவ்வளவு நுணுக்கமாக அதைக் கேலி செய்யவும் முடியும். நான் சிரித்தவர்கள் பக்கம்தான்.

இந்தக் கட்டுரையை இந்தச் சஞ்சிகைக்கு எழுதத் தூண்டியது வேறொரு விஷயம். 1995 தொடக்கம் 1998 வரையிலான நான்கே ஆண்டுகளில் அந்தத் திரையில் வந்துபோனவர்களின் வரிசையைப் பாருங்கள். அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா' 1995. ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்த 'கொலோனியல் கசின்ஸ்' 1996. அதே ஆண்டு லக்கி அலியின் 'ஓ சனம்'. லக்கி அலி நகைச்சுவை நடிகர் மெஹ்மூதின் மகன், மீனாகுமாரியின் தங்கை பிள்ளை. சினிமா வாசலிலேயே பிறந்து வளர்ந்தும், அவர் குரல் மக்களுக்குத் தெரியவந்தது சினிமாவுக்கு வெளியே, எகிப்தின் பிரமிட்டுகளுக்குப் பக்கத்தில் எடுத்த ஒரு வீடியோவால். பயிற்சி மணமே இல்லாத, தொண்டையில் கொஞ்சம் மணல் ஒட்டினாற்போன்ற குரல். அன்றைய சினிமாப் பின்னணிப் பாடலில் அப்படியொரு குரலுக்கு முதல் வாய்ப்புக் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நுஸ்ரத் ஃபதே அலி கான் அதே 1996இல் கவிஞர் ஜாவேத் அக்தரோடு சேர்ந்து 'சங்கம்' வெளியிட்டார். ஒருவர் பாகிஸ்தானி, மற்றவர் இந்தியர், பெயரே அதைச் சொல்கிறது. 'ஆஃப்ரீன் ஆஃப்ரீன்' பாட்டின் வீடியோ பாலைவனத்தில் எடுக்கப்பட்டது. கெமரா பெரும்பாலும் சுற்றியது பாடியவரை அல்ல, லீசா ரே என்ற அழகியை. தர்காவின் முற்றத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற கவ்வாலி, நாலைந்து நிமிஷத் துண்டாகி ஓர் அழகியின் முகத்துக்குப் பின்னணியானது. இதைக் குறை என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதே வீடியோவால்தான் கவ்வாலி என்ற சொல்லையே கேள்விப்படாத பிள்ளைகள் நுஸ்ரத்தின் பழைய கெசட்டுகளைத் தேடிப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி லண்டனில் அவர் காலமானபோது வயது 48.

'ஜூனூன்' இன்னும் தீவிரமான கதை. சல்மான் அஹ்மத், அலி அஸ்மத் என்ற இரண்டு பாகிஸ்தானியர், பிரையன் ஓகொனல் என்ற ஓர் அமெரிக்கர். புல்லே ஷாவின் மரபையும் மின்கிட்டாரையும் ஒன்றாக முடிச்சுப்போட்டு அதற்கு 'சூஃபி ரொக்' என்று பெயர் வைத்தார்கள். ஊழலைக் கேலி செய்த அவர்களுடைய 'எஹ்தெஸாப்' பாட்டைப் பெனாசிர் அரசு அரச தொலைக்காட்சியில் வரவிடவில்லை. 1997இல் வந்த 'ஆசாதி' தொகுப்பின் 'சயோனீ' பாட்டு சனல் 'வி'யின் வரிசையில் முதலிடத்துக்கு ஏறி வாரக்கணக்காக அங்கேயே நின்றது. 1998இல் புதுடில்லியில் நடந்த சனல் 'வி' விருது விழாவில் சிறந்த சர்வதேசக் குழு என்ற விருது அவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம் இரண்டு நாடுகளும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. அதைப்பற்றி விமர்சனமாகப் பேசியதற்காக ஜூனூனுக்கு அவர்களுடைய சொந்த நாட்டு அரச தொலைக்காட்சியும் வானொலியும் கதவைச் சாத்தின. சொந்த வீட்டில் தடை, எதிர்வீட்டில் விருது. இது நடக்கக்கூடியதாக இருந்ததற்குக் காரணம், அந்தப் பாட்டு இரண்டு அரசிடமும் அனுமதி கேட்காமல் ஹொங்கொங் வழியாக வந்ததுதான்.

இசை கூடுமா கூடாதா என்ற வாதம் எங்களுக்குள் ஓய்ந்ததில்லை, இந்தக் கட்டுரை அதைத் தீர்க்கப்போவதுமில்லை. பாகிஸ்தான் பொப் இசையின் நட்சத்திரமான 'வைட்டல் சைன்ஸ்' ஜுனைத் ஜம்ஷேத் மேடையை விட்டுவிட்டுத் தப்லீக் பக்கம் போனார் என்பதும், ஜூனூனின் சல்மான் அஹ்மத் கிட்டாரை விடாமலே தன்னை முஸ்லிமாக முன்வைத்தார் என்பதும் ஒரே தலைமுறையின் இரண்டு பதில்கள். எனக்கு உறுத்துவது வேறு. உருதுவுக்கும் பஞ்சாபிக்கும் கிடைத்த அந்த ஜன்னல் தமிழுக்குக் கிடைக்கவில்லை. நாகூர் ஹனிபாவின் குரலோ, எங்கட பக்கீர் பைத்தோ, ரபான் ஓசையோ அந்தத் திரையில் வர நான் பார்த்ததில்லை. தமிழ் கேட்டது எப்போதாவது ரஹ்மானின் சினிமாப் பாட்டு வந்தால்தான். அதே காலத்தில் எங்களுடைய பி. எச். அப்துல் ஹமீத் சன் டீ.வி.யில் 'பாட்டுக்குப் பாட்டு' நடத்திப் பெரும் புகழ் பெற்றுக்கொண்டிருந்தார். ஆனால் அதிலும் பாடியது சினிமாப் பாட்டுத்தானே.

சரி, இவ்வளவு செழித்த அலைவரிசை ஏன் விழுந்தது? இணையம் வந்தது, தொலைக்காட்சி செத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது கடைசி அடி மட்டுமே. நோய் அதற்கு முந்தியே உள்ளே இருந்தது.

இப்படிப்பட்ட அலைவரிசையின் வியாபாரம் ஒரு கடையின் கண்ணாடி அலுமாரி மாதிரி. பாட்டுக் கம்பனி தன் செலவில் வீடியோ எடுத்துக் கொடுக்கும். அலைவரிசை அதைப் பெரும்பாலும் இலவசமாகப் போடும். பார்த்தவன் கடைக்குப் போய்க் கெசட் வாங்குவான். கெசட் விற்ற காசில் கம்பனி அடுத்த வீடியோ எடுக்கும். இந்த வட்டம் எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு அத்தாட்சி, 1995இல் பீ.எம்.ஜி., ஈ.எம்.ஐ., சோனி, வோர்னர் ஆகிய நான்கு பெரிய இசைக் கம்பனிகள் சேர்ந்து சனல் 'வி'யில் பாதிப் பங்கை வாங்கியது. அலுமாரியைக் கடைக்காரரே வாங்கிக்கொண்டார்கள்.

1996இல் எம்.டீ.வி. இந்தியாவுக்கென்றே தனி அலைவரிசையோடு திரும்பி வந்தது. அதுவும் கொஞ்ச நாளில் ஹிந்தி சினிமாப் பாட்டுக்கு மாறியது. இருவரும் ஒரே விளம்பரதாரருக்காக அடிபட்டபோது, ஆகப் பெரும் கூட்டத்தைக் கூட்டுகிற பாட்டுத்தான் இரண்டிலும் வந்தது. சினிமாப் பாட்டின் வீடியோவுக்கு யாரும் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை, படம் எடுத்தவன் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறான். தனிப்பாடல் வீடியோவோ கம்பனியின் சொந்தக் காசு. 2000க்குப் பிறகு நூறு பாட்டுகளை ஒரே தட்டில் அடக்கிய எம்.பீ.3 தட்டு நடைபாதைக்கு வந்தது. கெசட் விற்பனை சரிந்தது. கெசட் இல்லையென்றால் தனிப்பாடல் வீடியோ எடுக்க யாருக்கு நோக்கம்? லக்கி அலிக்கும் ஜூனூனுக்கும் வழிவிட்ட கதவு இப்படித்தான் சத்தமில்லாமல் மூடியது. சினிமாப் பாட்டின் உரிமைக்காரர்களோ, இலவச விளம்பரம் என்று சொன்ன காலம் போய், பாட்டைப் போட எங்களுக்குக் காசு தா என்று கேட்கத் தொடங்கினார்கள். மறுபுறம் கேபிள்காரர். அலைவரிசைகள் பெருகி, கம்பியில் இடம் போதாமற் போனது. நல்ல இடத்தில் வர வேண்டுமானால் அலைவரிசைக்காரரே கேபிள்காரருக்குப் பணம் கட்ட வேண்டும் என்றானது. இரண்டு பக்கமும் செலவு, வருமானம் விளம்பரம் ஒன்றில் மட்டும். யாராக இருந்தாலும் தலை சுற்றும்.

2002இல் 'வி' தானே ஒரு குழுவை உண்டாக்கிப் பார்த்தது. 'பொப்ஸ்டார்ஸ்' போட்டியில் ஐந்து பெண்களைத் தெரிந்து 'விவா' என்று பெயர் வைத்தார்கள். நேஹா பசின், அனுஷ்கா மன்சந்தா போன்றோர் வெளிச்சத்துக்கு வந்தது அதனால்தான். குழு நீடிக்கவில்லை, இருவரும் சினிமாப் பின்னணிக்குப் போனார்கள். 2004இல் சோனி தொலைக்காட்சியின் 'இந்தியன் ஐடல்' பாட்டுப் போட்டியைக் குடும்பமே சேர்ந்து பார்க்கிற நிகழ்ச்சியாக்கியது. தனிப்பாட்டுக்கு அங்கே இடமில்லை, சினிமாப் பாட்டை யார் அச்சாகப் பாடுகிறார் என்பதே போட்டி.

அதன்பிறகு நடந்தவை இறங்குமுகம்தான். 2012 ஜூலையில் சனல் 'வி' இந்தியா சினிமாப் பாட்டை அடியோடு நிறுத்தி, கல்லூரிப் பிள்ளைகளுக்கான தொடர்நாடக அலைவரிசையாக மாறியது. பாட்டுக்காகப் பிறந்த அலைவரிசையில் பாட்டு இல்லை. 'தில் தோஸ்தி டான்ஸ்', 'கும்ராஹ்', 'சத்தா ஹக்' ஆகியவற்றுக்கு நல்ல கூட்டம் இருந்தது உண்மை. 2016இல் திடீரென்று தொடர்களை நிறுத்திவிட்டு மறுபடி பாட்டுக்குத் திரும்பினார்கள். எந்த நேரம் பார்த்துத் திரும்பினார்கள் என்று கவனிக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில்தான் 'ஜியோ' வந்து இந்தியர்கள் கையில் கிட்டத்தட்டச் சும்மாவே இணையத்தைக் கொடுத்தது. வேண்டிய பாட்டை வேண்டிய நேரம் கைக்குள் கேட்கிறவன், எவனோ தெரிவு செய்த பாட்டுக்காகத் தொலைக்காட்சி முன் காத்திருப்பானா? 2018 செப்டம்பரில் சனல் 'வி' இந்தியா நின்றது. அந்த இடத்துக்கு விளையாட்டு அலைவரிசை ஒன்று வந்தது.

பாட்டு சாகவில்லை. பாகிஸ்தானில் 2008இல் ஆரம்பித்த 'கோக் ஸ்டூடியோ' அந்தப் பழைய வேலையை இணையத்தில் எடுத்துச் செய்தது. 2016இல் நுஸ்ரத்தின் தம்பி மகன் ராஹத் ஃபதே அலி கான் அங்கே 'ஆஃப்ரீன் ஆஃப்ரீன்' பாட்டை மறுபடி பாடினார். இந்த முறை கெமரா பாடியவர்களைப் பார்த்தது. எல்லைக்கு இரண்டு பக்கமும் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். ஆனால் அதே 2016 செப்டம்பரில், ஊரி தாக்குதலுக்குப் பின், இந்தியத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கமொன்று பாகிஸ்தான் கலைஞர்களுக்கு வேலை கொடுப்பதில்லை எனத் தீர்மானம் போட்டது. 2025 மே மாதம் இந்திய அரசு, பாகிஸ்தானிலிருந்து வரும் பாட்டையும் நாடகத்தையும் நிறுத்துமாறு இணையத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. செய்மதிக் கதிருக்கு லாகூர் எது, அமிர்தசரஸ் எது என்று தெரியாது. அதை நிறுத்த வேண்டுமென்றால் சீனா செய்ததுபோல ஒவ்வொரு கூரையிலும் ஏறித் தட்டைக் கழற்ற வேண்டும். இணையத் தளத்துக்கோ ஒவ்வொருவனும் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறான் என்பது தெரியும். ஒரு நாட்டுக்கு மட்டும் ஒரு பாட்டை அணைத்துவிட அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

அமீன் சயானி 2024 பெப்ரவரியில் காலமானபோது எங்கட வானொலியின் பெயரும் இந்தியப் பத்திரிகைகளில் அடிபட்டது. அவர் அறிவித்த காலத்துப் பழைய ஹிந்தி இசைத்தட்டுகளின் பெரும் சேகரம் கொழும்பில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நூலகத்தில் இருக்கிறது. சனல் 'வி'யின் பழைய துண்டொன்றைத் தேடினால் கிடைப்பது, யாரோ அந்த நாளில் வீட்டு டெக்கில் வீ.எச்.எஸ். கெசட்டில் பிடித்து, பின்னர் இணையத்தில் ஏற்றிய மங்கலான பிரதிதான். பாட்டு பாதியில் அறுந்து, அதன்மேல் பதிந்த யாரோ ஒருவரின் கல்யாண வீடியோ தொடங்கிவிடுகிறது.